ஓசூரில் ஈயமும் லித்தியமும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பேட்டரி வரலாற்றை ‘ஈயத்தின் காலம் முடிந்தது, லித்தியம் வந்துவிட்டது’ என்று சுருக்கிவிடுவது வழக்கமாகி வருகிறது. சான்றுகளைப் பார்த்தால் அது சரியில்லை. பேட்டரி தன் எடையைத் தானே சுமந்து ஓட வேண்டிய இடத்தில்தான் ஈயம் தோற்றது. மற்ற இடங்களில் அது இன்னும் நிற்கிறது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்ததும் இங்கே வேரூன்றியது மோட்டார் தொழில். 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் வந்தது, அசோக் லேலண்ட் ஆலையும் எழுந்தது. லாரியில் பேட்டரிக்கு இருந்த முக்கிய வேலை செல்ஃப் எடுப்பது. சில வினாடிகளுக்குப் பல நூறு ஆம்பியர் தர வேண்டும், பிறகு ஆல்டர்னேட்டர் பார்த்துக்கொள்ளும். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில முறைக்கு இந்த வேலை கச்சிதமாகப் பொருந்தியது. ஈய-அமில பேட்டரி தயாரிக்கும் எக்சைட் நிறுவனத்துக்கு ஓசூர் வட்டத்திலேயே ஆலை உண்டு.

சேமித்து வைத்துச் செலவழிக்கும் வேலை வேறு. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் தமிழக வீடுகளில் இன்வெர்ட்டர் பரவியபோது, வண்டி பேட்டரியையே அதில் மாட்டியவர்கள் விரைவில் நஷ்டப்பட்டார்கள். மெல்லிய தகடு கொண்ட வண்டி பேட்டரியின் சார்ஜைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். கனத்த தகடு கொண்ட டியூப்ளர் பேட்டரி அதற்கு விடையானது. சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் வைத்த மூலையிலேயே இருப்பதால் கனம் யாரையும் உறுத்தவில்லை.

ஸ்கூட்டரில் கனம்தான் எல்லாம். 2020 ஜனவரியில் டிவிஎஸ் வெளியிட்ட ஐக்யூப் மின்ஸ்கூட்டரில் 2.25 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரி இருந்தது. கிலோவுக்கு சுமார் 35 வாட்-மணி தரும் ஈயத்தில் அதையே கட்டினால் அறுபது கிலோவைத் தாண்டும். பாதிதான் பயன்படுத்தலாம் என்றால் அதுவும் இரட்டிப்பாகும். ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் ஆலை தொடங்கியது இந்தக் கணக்கின் மேல்தான். இது வேதியியலின் வெற்றியல்ல, மானியத்தின் வேலை என்று சிலர் மறுப்பார்கள். மின்வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டம் 2018 அக்டோபரில் ஈய-அமில வண்டிகளுக்கு மானியத்தை நிறுத்தியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே மணிக்கு 25 கிலோமீட்டர் வேக ஈய-அமில ஸ்கூட்டர்கள் சந்தையில் இருந்தும் பெட்ரோல் வண்டிகளை அசைக்க முடியவில்லை. மானியம் போக்கை விரைவுபடுத்தியது, உருவாக்கவில்லை.

ஈயம் நஞ்சு, அதற்காகவாவது ஒழிய வேண்டும் என்ற வாதம் கனமானது. உரிமமில்லாத உலைகளில் பழைய தகடுகளை உருக்கும்போது அதன் தூசு குழந்தைகளின் இரத்தத்தில் சேர்கிறது. இதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் முறையாக உருக்கினால் ஏறக்குறைய முழு ஈயமும் திரும்பக் கிடைக்கும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதில் விலை குறையும் என்பதால் அது குப்பைக்குப் போவதில்லை. விற்பவர் திரும்பப் பெற வேண்டுமென 2001-இலேயே விதி வந்தது. லித்தியம் பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்திய விதி 2022-இல்தான் வந்தது. அதே ஆண்டு மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகே மின்வண்டி பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 பாதுகாப்புச் சோதனைகளும் கடுமையாக்கப்பட்டன.

விளக்கு, விசிறி, குளிர்பெட்டி வைத்துப் பயண வேன் கட்டுபவர்களுக்கும் இந்த எடைக் கணக்கே பொருந்தும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி சுமார் முப்பது கிலோ, நம்பி எடுக்கக்கூடியது ஐம்பது ஆம்பியர்-மணி. லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதில் பாதிக்கும் குறைவான எடையில் எண்பதுக்கு மேல் தரும். எனவே பின்னால் வைக்கும் இரண்டாவது பேட்டரிக்கு லித்தியத்தையே சொல்வேன். பானெட்டுக்குள் செல்ஃப் எடுக்க ஈயமே போதும். மின்கார்கள் பலவற்றிலும் 12 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று இன்னும் இருக்கிறது. வேனின் இந்த இரண்டு பேட்டரிகளையும் நேராக வயரால் இணைக்கக் கூடாது: லித்தியம் இழுக்கும் மின்னோட்டத்தில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூடும், நடுவில் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.