மின்னேறும் பற்றறியும் கவிழ்த்து வைத்த சைக்கிளும்

பாட்டுக் கேட்கப் பற்றறி வாங்குவதெல்லாம் ஒரு சரித்திரமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்களுக்கு அது சரித்திரம்தான். 1990களில் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளில் ஒருவர் ஐரோப்பியக் கடையொன்றில் எந்தப் பற்றறியை எடுப்பது என்று யோசித்து நின்றார். மற்றவர் பற்றறியே தடைசெய்யப்பட்ட ஊரில் இருந்தார்.

1979 யூலையில் சொனி நிறுவனம் யப்பானில் வோக்மனை விற்பனைக்கு விட்டது. விலை 33,000 யென். விரல் பருமனான இரண்டு பற்றறிகளில் அது ஓடியது. அன்றிலிருந்து பாட்டு மனிதனோடு கூடவே நடந்தது. பற்றறிச் செலவும் கூடவே நடந்தது.

திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய நிக்கல்-கட்மியம் பற்றறி அப்போது புதிய பொருளல்ல. சுவீடனைச் சேர்ந்த வால்டெமார் யுங்னர் 1899 இலேயே அதைச் செய்திருந்தார். 1980களின் நடுப்பகுதியில் மெல்லிய வோக்மன்களுக்காக சுவிங்கம் போலச் சப்பட்டையாகவும் அது வந்தது. ஆனால் அகதி முகாமில் கைச்செலவுக் காசோடு இருந்தவருக்கு இந்தத் தெரிவு இலகுவானதல்ல. சாதாரண பற்றறி இன்றைக்கு மலிவு, வருடக் கணக்கில் பார்த்தால் விலை. மின்னேறும் பற்றறியும் சாஜரும் இன்றைக்கு விலை, போகப்போக மலிவு. அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாதவர் வருடக் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஊரிலோ தெரிவுக்கே இடமிருக்கவில்லை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருளோடு பற்றறியும் அரசின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. போருக்குப் பயன்படும் என்பது சொல்லப்பட்ட காரணம். சனங்கள் தீர்ந்த பற்றறிகளை வெயிலில் காயவைத்தார்கள். சூட்டில் உள்ளே இரசாயனத் தாக்கம் சற்று விரைவுபட, கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும். அது மின்னேற்றமல்ல, அடியில் எஞ்சியதைச் சுரண்டி எடுப்பதுதான்.

பிறகு சைக்கிள் டைனமோ கைகொடுத்தது. அது 6 வோல்ற், 3 வாற். நான்கு பற்றறி போடும் றேடியோவுக்கும் வேண்டியது 6 வோல்ற்தான். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க டயோட்டுகளைப் பொருத்தினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் பி.பி.சி தமிழோசையும் வெரித்தாஸும் சினிமாப் பாட்டும் கேட்டார்கள். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் கசற்றில் பாட்டும் இழுபட்டது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அந்தச் சைக்கிள்கள் மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்தன.

இதே ஆண்டுகளில் வெளிநாட்டுக் கடைகளுக்கு நிக்கல்-உலோக ஐதரைட்டுப் பற்றறி வந்து சேர்ந்தது. கட்மியம் நஞ்சு. புதியதில் அந்த நஞ்சு இல்லை, அதே அளவிலான பற்றறியில் கூடுதலான மின்னும் நின்றது. கட்மியப் பற்றறிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவு ஒதுக்கியது. புதியதன் குறை, பாவிக்காமல் வைத்தாலும் சில மாதங்களில் இறங்கிவிடுவது. 2005 இல் சன்யோ நிறுவனத்தின் எனலூப் அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது. மின்னேற்றி ஒரு வருடம் வைத்திருந்தாலும் பெரும்பகுதி மிஞ்சியது.

யப்பானில் கசற் வோக்மன் உற்பத்தி 2010 இல் நின்றது. இன்று பாட்டு கைத்தொலைபேசியில் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு அலுமாரிகளில் இன்னும் கசற்றுகள் கிடக்கின்றன. எல்லாம் பாட்டுக் கசற்றுகள் அல்ல. கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து, கொழும்புக்கு வந்தவர்களின் கையில் கொடுத்தனுப்பிய அம்மாவின் குரல், அம்மம்மாவின் குரல், பின்னால் கேட்கும் சேவல், கிணற்றுக் கப்பி.

அவற்றைக் கேட்கப் பழைய வோக்மனைத் தூசு தட்டுகிறவர்களுக்கு, இறங்காமல் நிற்கும் இந்த நிக்கல்-உலோக ஐதரைட்டுப் பற்றறிதான் பொருத்தம். அதில் எழுதியிருக்கும் 1.2 வோல்ற்றைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சாதாரண பற்றறி 1.5 இல் தொடங்கினாலும் பாவிக்கப் பாவிக்க இறங்கிக்கொண்டே போகும். இது ஏறக்குறைய கடைசிவரை 1.2 இலேயே நிற்கும். அல்கலைன் பற்றறிகளை உள்ளே மறந்துவிட்டால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். 1.5 வோல்ற் தரும் புதிய லிதியம் பற்றறிகளுக்குள் மின்மாற்றும் சுற்று ஒன்று இருக்கிறது. சில கருவிகளில் அதன் இரைச்சல் குரலோடு கலந்து கேட்கும். எதைப் போட்டாலும் கேட்டு முடிந்ததும் வெளியே எடுத்து வையுங்கள்.

முதல்முறை ஓடவிடும்போதே கணினியிலும் பதிந்துகொள்ளுங்கள். பற்றறியை மறுபடி மின்னேற்றலாம். காந்த நாடா ஆண்டுக்கு ஆண்டு பழுதாகிறது, அதில் பேசியவர்கள் பலர் இன்று இல்லை.