நாலணா ரசீதுப் புத்தகமும் காமராஜ் திட்டமும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பரணை ஒழித்தோம். தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு ரசீதுப் புத்தகம் கிடைத்தது. காங்கிரஸ் கட்சியின் உறுப்பினர் சேர்க்கை ரசீது, 1963ஆம் வருஷத்தது. அந்தக் காலத்தில் 'நாலணா மெம்பர்' என்பார்கள். நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தும் எங்க ஊரில் யாரும் 25 காசு என்று சொன்னதில்லையாம், நாலணாதான்.

புரட்டிப் பார்த்தேன். அடிக்கட்டை முழுக்க ஊர்க்காரர்கள் பேர். தெற்குத் தெரு, வடக்குத் தெரு, காலனி என்று ஒருத்தர் விடாமல் இருக்கு. ஆனா எல்லாமே ஒரே கையெழுத்து, ஒரே மை. அப்பாவிடம் காட்டினேன். சிரித்தார்.

"இதுல பாதிப் பேருக்குத் தாங்க மெம்பருங்கிறதே தெரியாது. மேலிடத்துல இருந்து இத்தனை பேரைச் சேருன்னு சொல்லியிருப்பாங்க. உங்க தாத்தா ஒரே ராத்திரியில உக்காந்து எழுதியிருப்பாரு. காசும் அவரு கைக்காசு."

இழந்த கிராமத்தை ஒரு கட்சி எப்படித் திரும்பப் பிடிப்பது என்று யோசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தப் புத்தகம்தான் ஞாபகம் வருது. ஏன்னா, அதே 1963இல்தான் காங்கிரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இந்தியாவே பேசிய ஒரு பெரிய முயற்சியை எடுத்தது. அதை யோசித்தவர் எங்க பக்கத்துக்காரர். விருதுநகர் காமராஜர்.

பதவியை விட்டு இறங்கிய பன்னிரண்டு பேர்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 பொதுத்தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்தது. அதே வருஷக் கடைசியில் சீனப் போரில் அடி. 1963 மே மாத இடைத்தேர்தல்களில் அம்ரோகாவில் கிருபளானி, பரூக்காபாத்தில் லோகியா, ராஜ்கோட்டில் மினு மசானி என்று நேருவின் கடுமையான விமர்சகர்கள் மூன்று பேர் வரிசையாக மக்களவைக்குள் வந்தார்கள். இங்கே திருவண்ணாமலை சட்டமன்ற இடைத்தேர்தலை திமுக ஜெயித்தது. 1962லேயே 50 இடம் பிடித்திருந்த கட்சி அது. ஆளுங்கட்சி நிற்கும் தரை மெல்ல நகர்வதைக் காமராஜர் கவனித்துவிட்டார்.

அவர் கண்டுபிடித்த நோய் இது: கட்சிக்காரன் எல்லாரும் அரசாங்கத்துக்குள் போய்விட்டான், ஜனங்களோடு இருக்க ஆள் இல்லை. மருந்தும் அதிலேயே இருந்தது. மூத்தவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்குத் திரும்பவேண்டும். 1963 ஆகஸ்டில் கட்சி இதை ஏற்றது. மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம் உட்பட மத்திய அமைச்சர்கள் ஆறு பேர் விலகினார்கள். மாநிலத் தலைவர்களும் ஆறு பேர்: சென்னை காமராஜர், ஒரிசா பிஜு பட்நாயக், உத்தரப் பிரதேசம் சி.பி. குப்தா, பீகார் பினோதானந்த் ஜா, மத்தியப் பிரதேசம் மண்ட்லோய், காஷ்மீர் பக்‌ஷி குலாம் முகமது. (பக்‌ஷி தேசிய மாநாட்டுக் கட்சிக்காரர், காஷ்மீரில் அந்தப் பதவிக்கு அப்போது 'பிரதமர்' என்றே பேர்.) 1963 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில், காமராஜர் கோட்டையை விட்டு வெளியே வந்தார். ஒன்பது வருஷம் முதல்வராக இருந்தவர். இன்னிக்கு நினைத்தாலும் அது சாதாரணக் காரியம் இல்லை.

பலன் என்ன? 1967 முடிவதற்குள் அந்த ஆறு மாநிலங்களில் ஐந்தில் காங்கிரஸ் ஆட்சி போய்விட்டது. சென்னையும் ஒரிசாவும் பீகாரும் தேர்தலோடு போயின. உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் கட்சித் தாவலில் போயின. தப்பியது காஷ்மீர் ஒன்றுதான்.

நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியர் கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை?

செய்யாததால் தோற்றார்களா?

"கிராமத்துக்கு ஒண்ணும் செய்யல, அதான் தோத்தாங்க" என்று சுலபமாகச் சொல்லலாம். காமராஜர் விஷயத்தில் அது பொய். மூடிய பள்ளிக்கூடங்களைத் திறந்தார், புதுசாக ஆயிரக்கணக்கில் கட்டினார். 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. வைகை, சாத்தனூர், அமராவதி, மணிமுத்தாறு என்று அணைகள் எழுந்தன. கிராமத்துக்கு மின்சாரம் கொடுத்ததில் சென்னை மாநிலம் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது. எங்க அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்தச் சோற்றைத் தின்று, எங்க வீட்டில் முதல்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்.

அந்த அப்பாதான் 1967 பிப்ரவரியில், 22 வயசில், தன் முதல் ஓட்டைக் காமராஜருக்கு எதிராகப் போட்டார்.

விருதுநகர் தொகுதியில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற 28 வயசு மாணவர் தலைவரிடம் தோற்றார். வித்தியாசம் 1,285 ஓட்டு. தாத்தா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மகன் யாருக்குப் போட்டான் என்று அவர் சாகிற வரைக்கும் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. இந்தப் பொங்கலுக்கு ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார்.

"ஏன் அப்பா அப்படிப் போட்டீங்க?"

அரிசி என்றார். எங்க பக்கம் கரிசல், கம்பும் சோளமும்தான் அன்றாடம், நெல்லுச்சோறு நல்லநாளுக்கு. அந்த நல்லநாள் அரிசிக்கும் ரேஷன் கடையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய வருஷங்கள் அவை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் துப்பாக்கிச் சூடும். "ரூபாய்க்கு மூணு படி"ன்னு திமுக சொன்னது. இதெல்லாம் பாடப்புத்தகத்திலும் இருக்கிற காரணங்கள். ஆனா கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

"திமுககாரன் தினமும் டீக்கடையில இருந்தான். பேப்பரைச் சத்தமா வாசிப்பான், நாங்க எதிர்க்கேள்வி கேப்போம், சண்டை போடுவான், மறுநாளும் வருவான். காங்கிரஸ்காரங்க எலெக்ஷனுக்குக் கார்ல வந்து பெரிய வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போயிருவாங்க. அரிசி கிடைக்கலன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? உங்க தாத்தாகிட்டச் சொன்னா, காமராஜரைக் குறை சொல்லாதம்பாரு."

பெரிய வீடும் டீக்கடையும்

அந்தப் பெரிய வீட்டில்தான் விஷயம் இருக்கு. 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ரோடு, கிணறு, பள்ளிக்கூடக் கட்டடம் எல்லாம் ஒன்றியத் தலைவர் வழியாக வரும். கூட்டுறவுச் சங்கம் ஒருபக்கம். ஆளுங்கட்சி என்பதால் அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் காங்கிரஸ்காரர்கள்; அல்லது அந்த நாற்காலிக்காகக் காங்கிரஸ்காரர் ஆனவர்கள். நிலம் வைத்திருப்பவர், அரைவை மில் வைத்திருப்பவர், பஸ் விடுபவர். அவர்கள் சொன்னால் ஊர் ஓட்டுப் போடும் என்பது கணக்கு. 1952இலும் 57இலும் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது.

காமராஜர் கொடுத்த பள்ளிக்கூடமே அந்தக் கணக்கை உடைத்தது. பேப்பர் வாசிக்கத் தெரிந்த பையன் பெரிய வீட்டைக் கேட்டுக்கொண்டு ஓட்டுப் போடமாட்டான். அவன் உட்கார இடம் வேணும். படிப்பகம், முடிதிருத்தும் கடை, டீக்கடை பெஞ்சு என்று அந்த இடத்தைத் திமுக போட்டு வைத்திருந்தது. காங்கிரசிடம் இருந்தது திண்ணை. திண்ணையில் எல்லாரும் உட்கார முடியாது. சில சாதிக்காரர்கள் அதன் பக்கத்திலேயே போக முடியாது.

காமராஜ் திட்டம் மேலே இருந்த பன்னிரண்டு பேரை இறக்கியது. கீழே பெரிய வீட்டில் உட்கார்ந்திருந்தவரை யாரும் இறக்கவில்லை. இறங்கியவரும் ஊருக்கு வரவில்லை. 1964 ஜனவரியில் காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் ஆனார். அந்த மே மாதம் நேரு இறந்தார். சாஸ்திரியைப் பிரதமராக்கும் வேலை, 1966இல் இந்திரா காந்தியைப் பிரதமராக்கும் வேலை. கிராமத்தில் கட்சி வேலை பார்க்கப் பதவியை விட்டவர் டெல்லியில் பிரதமர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். பஞ்சமும் போராட்டமும் வந்த அந்த மூன்று வருஷம் இங்கே பக்தவத்சலத்தின் நிர்வாகம். தகரப் பெட்டியில் இருந்த ரசீதுப் புத்தகம்தான் எங்க ஊருக்கு வந்துசேர்ந்த 'கட்சி வேலை'.

இன்னொரு கணக்கு

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். 1967இல் கிராமம் காங்கிரசை மொத்தமாகக் கைவிடவில்லை. மாநிலம் முழுக்க காங்கிரஸ் வாங்கியது 41.10 சதவீதம், திமுக 40.69. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்றது, திமுக சுமார் 170இல் நின்று மீதியைக் கூட்டணிக்கு விட்டது. சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று அண்ணா கட்டிய கூட்டணி ஓட்டுகளை ஒரே பெட்டியில் சேர்த்தது. "கூட்டணியால்தான் தோற்றோம்" என்று காங்கிரஸ்காரர்கள் சொன்னதில் உண்மை இருக்கு.

ஆனா 1962இல் காங்கிரசுக்கு 46 சதவீதம், திமுகவுக்கு 27. காங்கிரஸ் இழந்தது ஐந்து, திமுக கூட்டியது பதின்மூன்றுக்கும் மேல். வாக்குப்பதிவும் சுமார் 71இல் இருந்து சுமார் 77 சதவீதமாக ஏறியது. பழைய ஆட்கள் போனதைவிட, புதிதாக வந்தவர்கள் காங்கிரஸ் பக்கம் வராததுதான் பெரிய சேதம். தாத்தா இருந்தார். அப்பா வரவில்லை.

தோற்ற பிறகு காமராஜர் நிஜமாகவே ஊர் ஊராகச் சுற்றினார். 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். கட்சி உடைந்த பிறகும், 1971 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய பழைய காங்கிரசுக்குச் சுமார் 35 சதவீதம் ஓட்டு. இடம் என்னவோ 15தான். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவர் கட்சி இரண்டாமிடம், ஆளும் திமுக மூன்றாமிடம். கிராமத்தில் திமுகமேல் கோபம் இருந்தது, அதை வாங்கிக்கொள்ள இடமும் காலியாக இருந்தது. அதில் வந்து உட்கார்ந்தது ஏழு மாசக் குழந்தையான அதிமுக. அது எப்படி என்றால், எம்.ஜி.ஆருக்குக் கட்சி புதுசு, மன்றம் பழசு. பட்டிதொட்டியெல்லாம் ரசிகர் மன்றப் பையன்கள் பல வருஷமாக அங்கேயே இருந்தார்கள். ஒரு ராத்திரியில் பேர் எழுதிச் சேர்த்தவர்கள் இல்லை.

இதில் இருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். நலத்திட்டம் கிராமத்துக்குள் வர ஒரு வழி இருந்தால் போதும். கிராமத்தின் குறை கட்சிக்குப் போய்ச் சேர ஓர் ஆள் வேணும். தேர்தல் இல்லாத நாளிலும் அங்கே இருக்கிற, பதவி இல்லாத, திட்டு வாங்கத் தயாரான ஆள். அவனை மேலிடத்துத் தியாகத்தால் உண்டாக்க முடியாது. காமராஜரே இளவயசில் அப்படி ஊர் ஊராக அலைந்த தொண்டர்தான். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவர் இறந்தது 1975 அக்டோபர் 2. பதவியை விட்ட அதே தேதி, சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து. அன்றைக்கு எங்க வீட்டில் தாத்தாவும் அப்பாவும் சேர்ந்து அழுதார்களாம். "ஓட்டு வேற, அவரு வேற" என்றார் அப்பா.

ரசீதுப் புத்தகத்தை இப்போது நான் வைத்திருக்கிறேன். அதில் 37ஆவது ரசீது அப்பா பேரில் இருக்கு. அப்போது அவருக்கு 18 வயசு. அவரிடம் யாரும் கேட்கவில்லை.