பவளத் தொட்டியில் நீரோட்டம்

அம்பாசமுத்திரத்து வயற்கிணற்று மோட்டாரின் வேலை நீரை உயரே ஏற்றுவது. அவ்வூரின் அருகே ஓடும் தாமிரபரணி சென்று கலக்கும் மன்னார் வளைகுடாவில் வாழும் பவளங்களுக்கோ நீர் உயர வேண்டியதில்லை. ஓயாமல் அசைந்தால் போதும். பவளம் நின்ற இடத்திலேயே வாழும் உயிர். உணவையும் பிராணவாயுவையும் கொண்டுவருவதும், கழிவை அகற்றுவதும் நீரோட்டமே.

இந்த ஓட்டத்தைக் கண்ணாடித் தொட்டிக்குள் உண்டாக்குவது எப்படி? ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் ஓர் எளிய வழியை வெளியிட்டார். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைத் துண்டுகளை இட்டு, வெறும் காற்றுக்குமிழிகளால் நீரை அசைத்தே அவர் பவளங்களை வளர்த்தார். பின்னர் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்ட்டர் ஏடி, நீர் நிரம்பியதும் தானே கவிழும் வாளியால் அலையை எழுப்பினார். வேகமாகச் சுழலும் சாதாரணப் பம்பு, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சிதைத்துவிடும் என்பது அவர் கருத்து.

இன்றைய தொட்டிப் பம்புகளில் கப்பல் விசிறியைப் போன்ற சுழலி உள்ளது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நீரை அது அகன்ற ஓட்டமாகத் தள்ளுகிறது. ஆகவே பம்பு வாங்குவோர், 'எத்தனை அடி ஏற்றும்?' என்பதைவிட, 'மணிக்கு எத்தனை லிட்டர் நகர்த்தும்?' என்று கேட்பதே முறை. 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 2,000 லிட்டர் என்பது பலர் கொள்ளும் தொடக்கக் கணக்கு. நீர் ஒரே பவளத்தின்மேல் நேராகப் பாய்ந்தால் அதன் சதை கிழியும். எதிரெதிரே இரு பம்புகளை வைத்து மாறி மாறி இயக்குவது நல்லது.

ஆனால் தொட்டிக்காகக் கடலில் கை வைக்கலாகாது. 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டைப் பெயர்த்தாலும் குற்றமே.