கேட்காமல் திறந்த ஜன்னல் – 9: சொருகின நோட்டீஸ்

"அது வைரஸ்தானுங்களே?" என்றார் பேக்கரிக்காரர்.

பீளமேட்டில் டீ குடிக்கப் போனால் இப்படித்தான், போன வாரத்து அத்தியாயத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். 2015 ஜூன் 3. பெங்களூருவில் தேஜேஷ் ஜி.என். என்ற நிரலாளர் ஏர்டெல் 3ஜி வழியாக ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். அதன் மூலநிரலைப் புரட்டுகிறார். பக்கத்தை எழுதியவர் எழுதாத ஒரு வரி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

வைரஸ் இல்லை. வைரஸாக இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்த வரி ஏன் புதுசு என்று தெரிய, ஹோப் காலேஜ் பக்கம் ஒரு நடை போய் வரவேண்டும். 2001 வாக்கில் அங்கே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு முப்பது ரூபாய், பிளைவுட் தடுப்பு, உள்ளே போன நேரத்தைக் கிறுக்கிய துண்டுச் சீட்டு. பக்கத்து வீட்டு அக்கா மகனுக்குப் பொறியியல் கவுன்சிலிங் விவரம் பார்க்க அவரோடு போயிருந்தேன். பக்கம் பாதிகூட இறங்கவில்லை, சூதாட்ட விளம்பரம் ஒன்று தனி ஜன்னலாகக் குதித்தது. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கினேன். இரண்டாகக் குதித்தது. நான்காவது ஜன்னலில் வந்த படத்தைப் பார்த்து அக்கா எழுந்து நின்றுவிட்டார். சென்டர்காரர் வந்தார். எதையும் மூட முயலவில்லை. பேசாமல் மானிட்டரை அணைத்தார். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த விளம்பரத் தடுப்பான் அதுதான்.

குதிக்கும் ஜன்னலுக்கு நிரல் எழுதியவர் டிரைபாட் நிறுவனத்திலிருந்த ஈதன் சக்கர்மேன். தன் விளம்பரம் ஆபாசப் பக்கமொன்றில் ஏறிவிட்டதென்று ஒரு கார் கம்பெனி கொதிக்க, விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனி ஜன்னலில் வைத்தார். 2014-ல் அட்லாண்டிக் இதழில் அதற்கு மன்னிப்பும் கேட்டார். 2002-ல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் எழுதிய ஆட்பிளாக், 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2, 2006-ல் விளாடிமிர் பாலன்ட்டின் ஆட்பிளாக் பிளஸ் என விளம்பரத்தைத் தடுக்க வந்தவையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன.

அந்தச் சண்டையில் எதிரி யாரென்று தெரியும். விளம்பரத்துக்கு இடம் விட்டவர் பக்கத்தின் சொந்தக்காரர். (இந்தப் பத்திரிகையும் விளம்பரக் காசில்தான் அச்சேறுகிறது. நான் ரொம்ப யோக்கியன் மாதிரிப் பேச முடியாது.) தேஜேஷ் பார்த்த வரியில் சொந்தக்காரருக்குப் பங்கில்லை. படித்தவருக்கும் இல்லை.

பேக்கரிக்காரருக்கு இதைச் சொல்ல, கல்லாவில் கிடந்த தினசரியே போதுமாக இருந்தது. உதறினால் மஞ்சள் காகிதத்தில் ஒரு துண்டு நோட்டீஸ் விழுந்தது. ஆடித் தள்ளுபடி.

"இதைப் பேப்பர் ஆபீஸ்லயா அச்சடிச்சாங்க?"

"இல்லீங்க, லைன் போடுற ஏஜென்ட் சொருகறதுங்க."

"அதேதானுங்க. ஆனா இதை உதறிட்டீங்க. தலையங்கத்துக்கு நடுவுல, அதே எழுத்துல அச்சாகி வந்திருந்தா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

இணையத்திலும் சொருகியது வழிதான். அந்த வரி கூப்பிட்டது 'ஆங்கர்' என்ற பெயருள்ள ஒரு ஸ்கிரிப்டை. அது கிடந்த இணைய எண்ணைத் தேஜேஷ் தேடிப் பார்த்தார். ஏர்டெலின் கணக்கில் இருந்தது. பக்கத்துக்குள் ஒரு சட்டகத்தைத் திணித்து, உலாவியில் ஒரு கருவிப்பட்டையை உட்கார வைப்பதற்கான ஏற்பாடு. பூட்டில்லாத எச்டிடிபி பக்கங்களில் இது சுலபம். செய்தி திறந்த தாளாகவே போகும், நடுவில் நிற்கும் எவரும் வாசிக்கலாம், எழுதலாம். அப்போது நம் ஊர்த் தளங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் கிடந்தன. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்கு முன் எம்பி எம்பியாக எண்ணிச் செலவழித்த காலம். சொருகின நோட்டீஸின் எடையும் நம் கணக்கில்தான் ஏறியிருக்கும்.

வாடிக்கையாளர் எத்தனை எம்பி செலவழித்தார் என்று அவருக்கே தெரியப்படுத்தும் ஏற்பாடு, உலகெங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செய்வதுதான் என்றது ஏர்டெல். இருக்கட்டும். கரண்ட் ஆபீஸ் ஆள்கூட மீட்டர் பார்க்க வந்தால் வாசலில் நின்று குரல் கொடுக்கிறார்.

தேஜேஷ் படங்களையும் அந்த நிரலையும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டார். அந்த ஏப்ரலில்தான் இணையச் சமநிலை கேட்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போயிருந்தது. ஊர் சூடாக இருந்த நேரம். ஏர்டெல் மாட்டிக்கொண்டது, பணிந்து போகும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

ஜூன் 8 தேதியிட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஏர்டெலுக்கு அல்ல, தேஜேஷுக்கு.

அனுப்பியது ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேல் நிறுவனம், மும்பை வக்கீல்கள் வழியாக. அந்த ஸ்கிரிப்ட் எங்கள் சொத்து, அதை வெளியில் போட்டது குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தையும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தையும் துணைக்கு அழைத்திருந்தார்கள். வீட்டுக்குள் கேட்காமல் போட்ட நோட்டீஸை எடுத்து ஊருக்குக் காட்டினால், அச்சகத்துக்காரர் திருட்டுப் புகார் கொடுக்கிறார்! பதிப்புரிமைப் புகாரின்பேரில் கிட்ஹப் அந்தப் பக்கத்தை இறக்கியது. அந்த நோட்டீஸுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று ஏர்டெல் விலகிக்கொண்டது.

கோர்ட் படியேறித் தீர்கிற விஷயமாக எனக்கு இது படவில்லை. தாளை உறையிலிட்டுப் பூட்டிவிட்டால் வழியில் எவராலும் எதையும் சொருக முடியாது. எச்டிடிபிஎஸ் அந்தப் பூட்டுதான். சின்னத் தளக்காரர்களுக்குப் பூட்டு வாங்கக் காசு இடித்தது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 டிசம்பர் 3 முதல் யார் கேட்டாலும் இலவசமாகக் கொடுத்தது. 2018 ஜூலையில் குரோம் பூட்டில்லாத பக்கமெல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்தத் தொடங்கியது.

"அப்ப ஏஜென்டு சோலி முடிஞ்சுதுங்க" என்று சிரித்தார் பேக்கரிக்காரர். பிறகு, பாக்கிச் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்: "பூட்டு சரிங்க. இது இன்னாருதுன்னு அதுக்கு முத்திரை போட்டுக் குடுக்கறது யாருங்க?"

அந்தக் கேள்விக்கு, தேஜேஷ் கதையிலிருந்து ஒரு வருடம் பின்னால் போகவேண்டும். 2014 ஜூலை 2. கூகுளின் முகவரிகளுக்குச் சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். கூகுள் கேட்கவில்லை, கூகுளுக்குத் தெரியாது. ஆனால் விண்டோஸில் ஓடும் பல மென்பொருள்கள் அவற்றை அசல் என்றே நம்பும். முத்திரை யாருடையது என்று பார்த்தார்கள்.

இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம்.

(தொடரும்)