குதிரையின் நடையும் வைத்தியரின் கண்ணும்



எந்தக் காலில் நோவு என்று குதிரை வாய்விட்டுச் சொல்லாது. வைத்தியர் அதை ஓடவிட்டுப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நோயுற்ற முன்கால் தரையில் ஊன்றும்போது குதிரை தலையை உயர்த்தும்; நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது 1761-இல். அதன்பின் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தும், இத்துறையில் முதற் கருவி கண்ணாகவே இருந்து வருகிறது.

அக்கண் பிழைபடும் என்பதற்கு 1878-ஆம் ஆண்டே சான்று கிடைத்தது. அமெரிக்காவில், பாலோ ஆல்ட்டோவில், மைப்ரிட்ஜ் என்பார் 12 புகைப்படக் கருவிகளை வரிசையாக வைத்து, பாய்ந்தோடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு அந்தரத்தில் நிற்பதாக ஓவியர்கள் தீட்டி வந்தது பொய்யாயிற்று. குதிரை தரையை விட்டெழும் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழ் ஒடுங்கியிருந்தன.

வைத்தியரின் கண்ணை எண்களால் அளந்தது 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கெவின் கீகன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 131 குதிரைகளை, நெடுநாள் அனுபவமுள்ள வைத்தியர்களிடம் காட்டினர். ஒவ்வொரு குதிரையையும் இருவர் முதல் ஐவர் வரை தனித்தனியே மதிப்பிட்டனர். நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்த்தபோது, ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதில் நூற்றுக்கு 76.6 முறை அவர்கள் ஒத்துப்போயினர். முழுப் பரிசோதனைக்குப் பின் அது கூடவில்லை, 72.9 ஆயிற்று!

0 முதல் 5 வரையுள்ள அளவுகோலில் சராசரி 1.5-க்கு மேற்பட்ட நொண்டலில் ஒற்றுமை 93.1. அதற்குட்பட்டதில் 61.9 மாத்திரமே. இருவர் காசைச் சுண்டி விடை சொன்னாலும் பாதி முறை ஒத்துப்போகும் என்பதை நினைவிற் கொள்க. மிகுதியான நொண்டலைக் குதிரைக்காரனே காண்பான். பந்தயத்துக்கு முன்னும், விலைபேசும் வேளையிலும் வைத்தியரை அழைப்பது சிறு நொண்டலுக்காகத்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு 'சற்றே' என்ற சொல் என்றும் தொல்லை. குதிரை வைத்தியருக்கும் அப்படியே போலும்.

மனமும் கண்ணை ஏய்க்கிறது. நோவுள்ள இடத்தைக் கண்டுபிடிக்க, காலின் நரம்பை மரக்கச்செய்து மீண்டும் ஓடவிடுவது வழக்கம். ஊசி போட்டதை அறிந்து பார்த்தவர்கள், அறியாதவர்களைவிட அதிக முன்னேற்றம் கண்டதாக மதிப்பிட்டனர் என்று 2006-இல் ஓர் ஆய்வு காட்டிற்று.

இன்று தலையிலும் இடுப்பிலும் முன்காலிலும் சிறு உணர்கருவிகளைப் பொருத்தி நடையை அளக்கின்றனர். கண்ணுக்கு எட்டாத ஏற்றத்தாழ்வும் அதில் பதிவாகிறது. அது நோவினால் வந்ததா, பிறவி நடையா என்பதைக் கருவி கூறுவதில்லை. அதற்கு மீண்டும் வைத்தியரே குதிரையருகில் செல்ல வேண்டியிருக்கிறது.