கமம்: ஊரா, வயலா?

தம்புள்ளைப் பக்கம் ஒரு கமநல சேவை நிலையத்தின் பெயர்ப்பலகை. மேலே சிங்களத்தில் 'கொவிஜன' என்றிருக்கிறது. கொவியா என்றால் உழவர். கீழே தமிழில் 'கமநல'. சிங்களவர் ஊரைச் சொல்லும் 'கம' அந்தப் பலகையின் சிங்கள வரியில் இல்லை. தமிழ் வரியில் இருக்கிறது.

ஈழத்தமிழில் கமம் என்றால் வேளாண்மை, அதைச் செய்யும் நிலம். செய்பவர் கமக்காரர். 1979ஆம் ஆண்டின் சட்டத்துக்கே கமநல சேவைகள் சட்டம் என்றுதான் பெயர். மாத்தளைத் தேயிலை மலைகளில் இருக்கும் தமிழர்களுக்கோ எல்லாம் தோட்டம்தான். அவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த தமிழில் கமம் இல்லை.

கமம் என்றால் நிறைவு என்கிறது தொல்காப்பிய உரியியல். நீர் நிறைந்த மேகத்தைச் சங்கப் புலவர்கள் கமஞ்சூல் என்றார்கள். விளைச்சலின் நிறைவே கமம் ஆயிற்று என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்படியானால் காவிரிக்கரை உழவர் வாயிலும் அது இருந்திருக்க வேண்டுமே! சிங்களம் பக்கத்தில் இருக்கும் இலங்கையில் மட்டும் அது வழங்குவதே எனக்குப் போதிய சான்று. வடமொழிக் கிராமம் பாலியில் 'காம' ஆகி, சிங்களத்தில் நெடில் குறுகிக் 'கம' ஆனது. நம் கமத்திலும் அதே குறில். கதிர்காமத்தில் அது மறுபடி நீண்டுகொண்டது.

ஊர் எப்படி வயலாயிற்று? கண்டி அரசில் பிரபுவுக்கு விடப்பட்டது நிந்தகம, அரசனுடையது கபடாகம, விகாரைக்குரியது விகாரகம, தேவாலயத்துக்குரியது தேவாலகம. இங்கே கம என்பது வெறும் வீட்டுத் தொகுதியன்று. சேற்று வயலும் மேட்டுத் தோட்டமும் காடு வெட்டிப் பயிரிடும் சேனையும், அவற்றோடு கட்டுண்ட ஊழியமும் சேர்ந்த உடைமை. கண்டி அரசுக்கு முன்பே நில உடைமைக்கு அவ்வளவு கனம் இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன் தம்புள்ளைப் பாறையில் வெட்டிவைத்த கல்வெட்டைப் பாருங்கள்: ஓலையை எலியும் கறையானும் தின்றுவிடும், நிலக்கொடைகளைச் செப்பேட்டில் எழுதுங்கள் என்று அதில் ஆணையிடுகிறான்.

சிங்களத்தில் 'கம' ஊர் என்ற பொருளிலேயே நிலைத்தது. உழுநிலத்தின் பக்கத்தை நாம் பிடித்துக்கொண்டோம் என்பது என் துணிபு. வேல்ஸ் நாட்டிலும் இப்படி ஒன்று, எதிர்த்திசையில், நடந்திருக்கிறது. 'ட்ரெவ்' என்பது அங்கே ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் பண்ணை, இன்று நகரம். பழைய பண்ணைகளோ 'ட்ரெ' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களுக்குள் கிடக்கின்றன.

மாத்தளை மாவட்டத்திலும் வில்கமுவ, லக்கல-பல்லேகம என்று பிரதேச செயலகப் பெயர்களிலேயே கம நிற்கிறது. பல்லே என்றால் கீழ், பல்லேகம, கீழூர். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக அந்தப் பழைய ஊர் இடம்பெயர்ந்தது. ஊரும் வயலும் இருந்த இடத்தில் இப்போது நீர். செயலகத்தின் பெயரில் பல்லேகம இன்னும் இருக்கிறது.