எக்ஸ்போர்ட்டும் எஃப்ளுவன்ட்டும்

எங்கள் திருப்பூரில் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களுக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டென்றால் அது எக்ஸ்போர்ட்தான். ஒரு காலத்தில் 'பையன் எக்ஸ்போர்ட்ல இருக்கான்' என்றால் பெண் வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள்.

பனியன் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற எனக்கு, இப்போது பொழுதுபோக்கு அகராதி புரட்டுவது. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'போர்த்தாரே' என்றால் சுமந்து செல்வது. வெளியே சுமந்து போவது எக்ஸ்போர்ட். ரயிலடி போர்ட்டரும் இந்தச் சுமையில் பிறந்தவர்தான். நாம் ஏற்றுமதி என்கிறோம். அவர்கள் போகும் திசையைப் பார்த்தார்கள். நாம் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தோம்.

எக்ஸ்பென்ஸ் என்பதும் அதே குடும்பம். வெளியே நிறுத்துக் கொடுப்பது என்று பொருள். அந்தக் காலத்தில் பணத்தைத் தராசில் நிறுத்துத்தானே கொடுத்தார்கள்! நம் 'செலவு' என்ற சொல்லும் செல்வதிலிருந்து வந்ததே. ஆனால் நம்மைப் பாடாய்ப் படுத்திய எக்ஸைஸ் மட்டும் இந்தக் குடும்பமில்லை. அது டச்சுக்காரர்கள் வழியாக வந்த சொல்.

இந்த 'எக்ஸ்' சில எழுத்துகளுக்கு முன்னால் உருமாறும். 'எஃப்' ஆகி, ஓடுவதைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்தால் எஃப்ளுவன்ட். வெளியே ஓடுவது, அதாவது நம் சாயக்கழிவு. துணி தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிப் போனது. சாயத்தண்ணீர் பட்டறையை விட்டு வெளியேறியதே தவிர, ஊரை விட்டுப் போகவில்லை. நொய்யலில் கலந்து, 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. அணை நிறைந்தால் மகிழ வேண்டிய விவசாயிகள், தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எத்தனை குடும்பங்கள் அன்று வேலையில்லாமல் நின்றன என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடு பட்டறைகள் பிறகு மெல்லத் திறந்தன.

அதற்காக வைத்த இயந்திரங்களில் ஒன்று எவாப்பரேட்டர். அங்கே 'எக்ஸ்' வெறும் 'எ' ஆகச் சுருங்கியிருக்கிறது; ஆவியாக வெளியேற்றுவது என்று பொருள். தண்ணீர் ஆவியாகும், குளிர்ந்து திரும்பவும் பயன்படும். உப்பு மட்டும் எங்கும் போகாது. மூட்டை மூட்டையாக இங்கேயேதான் கிடக்கும்.

எக்ஸ்போர்ட், எஃப்ளுவன்ட், எவாப்பரேட்டர் மூன்றும் 'வெளியே' என்றுதான் சொல்கின்றன. உண்மையில் வெளியே போனது துணி ஒன்றுதான்.